கல்லீரல் புற்றுநோயும் ஆய்வகத்தில் வளரும் ஆர்கனாய்டும்: நம்ம ஏரியாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு தண்டையார்பேட்டை, வேலை செல் வளர்ப்பு ஆய்வகத்தில். அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் வந்துவிட்டால், அந்த ரிப்போர்ட் எப்படியாவது என் கைக்கு வந்து சேர்ந்துவிடும். நான் டாக்டர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் கொஞ்ச நாளாக ரிப்போர்ட்டோடு சேர்த்து இன்னொன்றும் கேட்கிறார்கள்: "லேப்ல குட்டிக் கல்லீரல் வளர்க்கிறாங்களாமே, அதை வச்சு எங்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா?" இதற்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆர்கனாய்டு என்றால் என்ன? நிஜமாகவே குட்டிக் கல்லீரலா?

கிடையாது. "குட்டிக் கல்லீரல்" என்று போட்டால் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் ரத்தக் குழாய் இல்லை, பித்தப்பை இல்லை, உடம்புக்குள் வைத்தால் கல்லீரல் செய்கிற வேலையைச் செய்யவும் அதனால் ஆகாது. மனிதத் திசுவிலிருந்து எடுத்த செல்களை ஒரு ஜெல்லுக்குள் விட்டு, அவற்றுக்கு வேண்டிய ஊட்டத்தைக் கொடுத்தால், தாங்களாகவே ஒன்றுகூடி உருண்டை உருண்டையாக வளரும். அதுதான் ஆர்கனாய்டு. நன்றாக வளர்ந்தது அரை மில்லிமீட்டர் இருக்கும், வெறும் கண்ணுக்கு ஒரு புள்ளி. ரொம்பப் பெரிதானால் நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் போய்ச் சேராமல் அவை செத்துவிடும்.

இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றும். எந்தத் திசுவிலிருந்து வந்ததோ அதன் குணத்தை இது விடுவதில்லை, அதில்தான் இதன் மதிப்பு. கட்டியிலிருந்து வந்த செல், ஜெல்லுக்குள்ளும் அந்தக் கட்டியின் மரபணுக் கோளாறுகளோடுதான் வளரும். சிலருடைய கட்டி ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை ஏற்றிவிடும் (ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள்), அப்படிப்பட்ட கட்டியிலிருந்து வளர்ந்த உருண்டைகளும் அதே புரதத்தைச் செய்யும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒருவருடைய தோல் செல்லையோ ரத்த செல்லையோ பின்னோக்கித் திருப்பி, எந்த வகை செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, அதைக் கல்லீரல் செல்லாக வளர்ப்பது. ஜப்பானின் யாமானாகா 2006-இல் எலி செல்லிலும் 2007-இல் மனித செல்லிலும் செய்து காட்டிய வித்தை அது, அதற்கு 2012-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். புற்றுநோய் ஆய்வில் ரெண்டு வழியும் உண்டு, நான் இங்கே பேசுவது பெரும்பாலும் நோயாளியின் கட்டியிலிருந்து நேரடியாக வளர்ப்பதைப் பற்றி.

இதற்கு முன்னால் எதை வைத்து ஆராய்ந்தார்கள்? அது ஏன் போதவில்லை?

செல் லைன் என்பார்கள். யாரோ ஒருவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல், பிளாஸ்டிக் தட்டின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வருஷக்கணக்காகப் பெருகிக்கொண்டே இருக்கும். உலகம் முழுக்கக் கல்லீரல் ஆய்வகங்களில் புழங்குவது ஹெப்-ஜி2 என்ற செல் லைன். 1970-களில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவனின் கட்டியிலிருந்து வந்தது. இதைப் பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயின் செல் என்று வைத்துக்கொண்டு கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். பழைய திசுவையும் பதிவுகளையும் திரும்ப எடுத்துப் பார்த்தபோது அது ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்று தெரிந்தது, அதாவது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும் வேறு வகைக் கட்டி. நோயே வேறு! அதில் வேலை செய்த மருந்து 60 வயதுக்காரரின் கட்டியில் வேலை செய்யாமல் போனால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அப்புறம் எலி. எலிக்குள் மனிதக் கட்டியை நட்டு வளர்ப்பார்கள். பயனுள்ள முறைதான், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும், செலவு கையைக் கடிக்கும், ஒரே நேரத்தில் முப்பது மருந்தைப் போட்டுப் பார்க்க முடியாது. ஆர்கனாய்டு இந்த ரெண்டுக்கும் நடுவில் வந்து உட்காருகிறது.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரம், ஹூப்ரெக்ட் ஆய்வு நிலையம். ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தொஷிரோ சாத்தோ 2009-இல் எலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து குடல் அமைப்பையே ஜெல்லுக்குள் வளர்த்தார். அதே ஆய்வகத்தில் இருந்த மெரிட்செல் ஹூக் 2013-இல் எலிக் கல்லீரலுக்கும் 2015-இல் மனிதக் கல்லீரலுக்கும் அதைச் சாதித்தார். பிறகு கேம்பிரிட்ஜுக்குப் போய், 2017-இல் அவர் குழுதான் 8 நோயாளிகளின் கல்லீரல் புற்றுநோய்த் திசுவிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்து, அவை மூலக் கட்டியை ஒத்திருப்பதைக் காட்டியது. அவற்றின் மேல் வரிசையாக மருந்துகளைப் போட்டுப் பார்த்ததில் இ.ஆர்.கே. என்ற புரதத்தைத் தடுக்கும் ஒரு வேதிப்பொருள் சில கட்டிகளை அடக்கியது, எலியிலும் அடக்கியது. ஆனால் அந்தப் பொருள் இன்றுவரை கல்லீரல் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவில்லை. "ஆர்கனாய்டில் வேலை செய்தது" என்று படிக்கும்போதெல்லாம் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மருந்துக்கடைக்கு வர ரொம்ப தூரம்.

ஒரு துண்டுக் கட்டி எப்படி ஆர்கனாய்டு ஆகிறது? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

இதைக் கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

ஆபரேஷனில் கட்டியை எடுத்ததும் முதலில் நோய்க்குறியியல் துறைக்குத்தான் உரிமை. நோய் என்ன, எந்த அளவில் இருக்கிறது, ஓரங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில் ஒரு சின்னத் துண்டு ஆய்வுக்கு வரும், சுண்டுவிரல் நகம் அளவு இருந்தாலே சந்தோஷம். அதைக் குளிர்ந்த திரவத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் செல் செத்துவிடும், அப்புறம் வளர்க்க ஒன்றும் இருக்காது. கட்டியை எடுத்த நிமிஷத்திலிருந்தே கடிகாரம் ஓடுகிறது. ஆஸ்பத்திரி வடக்கேயும் ஆய்வகம் தெற்கேயும் இருந்தால் என்ன ஆகும் என்பதை, சாயங்காலத்தில் ராயபுரத்திலிருந்து பாரிமுனை தாண்டிப் போய்ப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்ததும் பிளேடால் பொடிப்பொடியாக நறுக்கி, செல்களைப் பிணைத்திருக்கும் கொலாஜனைக் கரைக்கும் நொதியில் ஊறவைப்போம். கல்லீரல் கட்டி சில சமயம் நாராக, கெட்டியாக இருக்கும், மணிக்கணக்கில் ஊறினாலும் பிரியாது. பிரிந்த செல்களை வடிகட்டி, சுழற்றி, அடியில் படிவதை எடுத்து ஜெல்லோடு கலக்க வேண்டும். இந்த ஜெல்லுக்கு மேட்ரிஜெல் என்று பேர், எலிக்கு வரும் ஒரு வகைச் சதைக்கட்டி சுரப்பதிலிருந்து எடுக்கிறார்கள். நோன்பு நாட்களில் மண்ணடிப் பக்கம் வீடுகளில் செய்யும் கடல்பாசி ஆறினால் உறையும் இல்லையா, இது அதற்கு நேர்மாறு: ஐஸில் இருக்கும்வரை தண்ணியாக இருக்கும், சூடு பட்டதும் உறைந்துவிடும். அதனால் குழாய், பிப்பெட் முனை எல்லாவற்றையும் முன்கூட்டியே குளிரவைத்துக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல் மளமளவென்று வேலையை முடிக்க வேண்டும். வெதுவெதுப்பான தட்டில், ஒவ்வொரு குழியின் நடுவிலும் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு, சொட்டாக விடுவோம். சொட்டு குவிமாடமாக நிற்கும். உடனே தட்டைத் தலைகீழாகத் திருப்பி 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜெல் உறைவதற்குள் செல்லெல்லாம் அடியில் போய்ப் படிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். கால் மணி நேரத்தில் உறைந்துவிடும். அப்புறம் நேராக வைத்து மேலே மீடியம் என்ற ஊட்டத் திரவத்தை ஊற்றுவோம்.

அந்த மீடியத்தில்தான் காசெல்லாம் கரைகிறது. சர்க்கரை, அமினோ அமிலத்தோடு, செல்லை வளரச் சொல்லும் புரதங்களையும் சேர்க்க வேண்டும், பல வெளிநாட்டிலிருந்து வருபவை, ஒரு குப்பி தீர்ந்தால் அடுத்தது வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். மீடியம் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் நன்றாகத் தின்று வளர்ந்தால் அமிலம் ஏறி மஞ்சளாகும். காலையில் இன்குபேட்டரைத் திறந்ததும் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பேன்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. சாதாரணக் கல்லீரலிலிருந்து வளர்வது மெல்லிய சுவரும் உள்ளே வெற்றிடமுமாக இருக்கும். ஹெப்பட்டோசெல்லுலர் கார்சினோமா, அதாவது கல்லீரலிலேயே தொடங்கும் புற்றுநோய்களில் முக்கால் பங்குக்கும் மேலாக இருக்கும் வகை, உள்ளே இடமே இல்லாமல் இறுகிய உருண்டையாக வளரும். பித்தநாளப் புற்றுநோய் கோணல்மாணலாக, உள்ளே குழி விட்டு வளரும். உருவத்தை மட்டும் நம்பிவிட முடியாது. மரபணு வரிசையைப் படித்து, மூலக் கட்டியோடு ஒப்பிட்ட பிறகுதான் இது அந்தக் கட்டியின் ஆர்கனாய்டு என்று சொல்ல முடியும்.

கொடுத்த துண்டெல்லாம் வளர்ந்துவிடுமா?

வளராது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆய்வாளர்கள் 2018-இல், ஆபரேஷன் துண்டு கூட இல்லாமல் பயாப்ஸி ஊசியில் வரும் திசுவிலிருந்தே வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் ஹெப்பட்டோசெல்லுலர் கட்டிகளில் ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் வளர்ந்தது, அதுவும் வேகமாகப் பரவும் முரட்டுக் கட்டிகள் மட்டும். மெதுவாக வளரும் கட்டிகள் ஜெல்லிலும் அசையவில்லை. அப்படியானால் நம் கையில் இருக்கும் ஆர்கனாய்டுகள் எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான மாதிரி ஆகாது என்றுதானே அர்த்தம்? கட்டுரைகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

இன்னொரு தொல்லை, கட்டியோடு ஒட்டிவரும் நல்ல செல்கள். அவற்றுக்கும் இந்த மீடியம் பிடித்துப்போய், புற்றுநோய் செல்லை ஓரங்கட்டிவிட்டு அவையே தட்டை நிரப்பிவிடும். கேம்பிரிட்ஜ் குழு இதற்காக நல்ல செல்லுக்கு அவசியமான சில புரதங்களை மீடியத்திலிருந்து எடுத்துவிட்டு வளர்த்தது, அவை இல்லாமலும் சமாளிப்பது புற்றுநோய் செல்தான்.

எங்க அப்பா கட்டியிலிருந்து வளர்த்து, எந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கல்லீரல் புற்றுநோயில் இன்றைக்கு அப்படிச் செய்து சிகிச்சையை முடிவு பண்ணும் நிலை இல்லை.

நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. லண்டனில் நடந்த, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிவிட்ட குடல், வயிற்றுப் புற்றுநோய்களின் ஆர்கனாய்டுகளையும் அதே நோயாளிகளுக்குச் சிகிச்சை எப்படிப் போனது என்பதையும் ஒப்பிட்டார்கள். ஆர்கனாய்டில் வேலை செய்யாத மருந்து நோயாளியிடமும் வேலை செய்யவில்லை, ஒன்றில்கூடத் தப்பவில்லை. ஆர்கனாய்டில் வேலை செய்தது நோயாளியிடமும் வேலை செய்தது 88 சதவீதம். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அவை வேறு புற்றுநோய்கள், எண்ணிக்கையும் குறைவு.

கல்லீரலில் முதல் சிக்கல் நேரம். துண்டு வந்து, வளர்ந்து, மருந்து போட்டுப் பார்க்கிற அளவுக்குப் பெருக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். முற்றிய நிலையில் இருப்பவரை அதுவரை காத்திருக்கச் சொல்ல முடியாது. சோராஃபெனிப் என்ற கல்லீரல் புற்றுநோய் மாத்திரையை 2007-இல் அங்கீகரிக்க வைத்த பெரிய ஆய்விலேயே, மாத்திரை சாப்பிட்டவர்களின் நடுமட்ட ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம்) 10.7 மாதம், சாப்பிடாதவர்களுக்கு 7.9 மாதம். இப்படிக் கணக்குப் பார்க்கிற நோயில் ஒவ்வொரு வாரமும் பெரிது. அதனால் யாராவது "ஆர்கனாய்டு டெஸ்ட் ரிசல்ட் வரட்டும், அதுவரை மருந்தை நிறுத்தி வையுங்கள்" என்று சொன்னால் கேட்காதீர்கள். டாக்டர் ஆரம்பிக்கச் சொன்னதை ஆரம்பியுங்கள்.

இம்யூனோதெரபி ஊசி போடச் சொல்கிறார்கள். அதை ஆர்கனாய்டில் சோதிக்க முடியாதா?

முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு இப்போது முதல் வரிசையில் இருப்பவற்றில் ஒன்று அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற ஜோடி. 2020-இல் வந்த ஆய்வில், ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இந்த ஜோடியில் 67 சதவீதம், சோராஃபெனிப்பில் 55 சதவீதம். முதல் மருந்து நம் நோயெதிர்ப்பு செல்லின் மேல் போடப்பட்ட தடையை எடுக்கிறது. ரெண்டாவது, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கிறது. சாதாரண ஆர்கனாய்டில் நோயெதிர்ப்பு செல்லும் கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. ரெண்டு மருந்துக்கும் அங்கே பிடிமானமே இல்லை. போட்டால் உருண்டைகள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்து மருந்து பயனில்லை என்று முடிவுகட்டினால் பெரிய தப்பு.

இதைச் சரிசெய்யத்தான் இப்போது பலரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களை எடுத்து அவருடைய ஆர்கனாய்டோடு சேர்த்து வளர்ப்பது ஒரு வழி, 2018-இல் ஆம்ஸ்டர்டாம் குழு குடல், நுரையீரல் கட்டிகளில் செய்து காட்டியது. கல்லீரலில் இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. பெரும்பாலான நோயாளிகளுக்குக் கட்டி வருவதற்கு முன்பே கல்லீரல் சுருங்கித் தழும்பாகிப்போய் சிரோசிஸ் வந்திருக்கும். அந்தத் தழும்பை உண்டாக்கும் செல்கள் கட்டிக்குத் தீனி போடுகின்றன, மருந்தைத் தாங்கிக்கொள்ளவும் கற்றுக்கொடுக்கின்றன. அவற்றையும் ஜெல்லுக்குள் கொண்டுவராமல் முழுப் படம் கிடைக்காது.

எங்க அம்மாவுக்கு பயாப்ஸியே எடுக்கவில்லை, ஸ்கேனை வைத்தே புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். சரியா?

சரியாக இருக்கலாம், பதற வேண்டாம். சிரோசிஸ் உள்ளவருக்கு, சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.-யில் கட்டி முதலில் பளிச்சென்று சாயத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கிவிட்டால், அந்த அடையாளமே போதும் என்று உலக அளவில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊசி குத்தினால் ரத்தக் கசிவு வரலாம், அபூர்வமாக ஊசி போன வழியில் செல் பரவவும் செய்யலாம், அதனால் தேவையில்லாமல் குத்த மாட்டார்கள். ஆய்வுக்குத் திசு கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்தான், அதற்காக ஆய்வுக்கென்று நோயாளியைக் குத்தச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

குடித்தால்தானே இந்த நோய் வரும்? அம்மா ஒரு சொட்டு தொட்டதில்லையே!

இதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நோய் வந்த வேதனை ஒரு பக்கம், "குடிச்சிருப்பாங்க போல" என்ற தெருப் பேச்சு ஒரு பக்கம். குடி ஒரு காரணம், பெரிய காரணமும்கூட. ஆனால் ஹெப்படைடிஸ் பி, ஹெப்படைடிஸ் சி வைரஸ்களும், சர்க்கரை நோயோடும் உடல் பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும், பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, மக்காச்சோளத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சும் காரணங்கள். 2022-இல் உலகம் முழுக்கச் சுமார் 8.66 லட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தது, அவர்கள் எல்லோரையும் குடிகாரர் கணக்கில் எழுதிவிட முடியுமா?

காரணங்கள் வெவ்வேறாக இருப்பதால்தான் ஆர்கனாய்டு இங்கே கைகொடுக்கிறது. அஃப்ளடாக்சின் டி.பி.53 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரே இடத்தில், 249-வது இடத்தில், அடையாளம் போட்டுவிட்டுப் போகும். ஹெப்படைடிஸ் பி வைரஸ் தன் மரபணுத் துண்டை நம் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும். ராட்டர்டாமில் ஒரு குழு மனிதக் கல்லீரல் ஆர்கனாய்டுக்குள் இந்த வைரஸைத் தொற்றவைத்து, 2021-இல் அதை வெளியிட்டது. வைரஸ் தொற்றிய நோயாளிகளின் கல்லீரலில் இன்னும் கட்டியாகாத பகுதியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளிலேயே புற்றுநோயின் ஆரம்ப அடையாளங்கள் தெரிந்தன. ஜப்பானியரான தக்கேபே தலைமையில் ஒரு குழு 2019-இல் கொழுப்புக் கல்லீரல் வீங்கித் தழும்பாவதைக்கூட ஆர்கனாய்டில் வரவழைத்துக் காட்டியது. கட்டி வந்த பிறகு என்ன செய்வது என்பதோடு நிற்காமல், வருவதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடிவது, என் மனசுக்கு இந்த முறையின் பெரிய வரவு.

கீழாநெல்லியை ஆர்கனாய்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? காமாலைக்கு அதுதானே மருந்து?

கீழாநெல்லிக்கும் சென்னைக்கும் பெரிய கதை இருக்கிறது. ஹெப்படைடிஸ் பி வைரஸின் மேற்புரதத்தைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பர்க், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனோடு சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார். 1988-இல் லான்செட் இதழில் வந்தது: 30 நாள் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸ் புரதம் மறைந்தது, வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை.

இந்த மாதிரிக் கேள்விக்கு ஆர்கனாய்டு நல்ல களம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் எந்தச் செடி, எந்த ஊர், எந்தப் பருவம், எந்தச் சாறு என்று மாற்றி மாற்றி மனித செல்லிலேயே பார்க்கலாம். ஆனால் ஒன்று, சாறு தட்டில் செல்லைக் கொல்வதும் வாய்வழியாகச் சாப்பிட்டு உடம்பில் வேலை செய்வதும் ஒன்றில்லை. தட்டில் எதை அதிகமாக ஊற்றினாலும் செல் சாகும். கல்லீரல் கட்டி என்று தெரிந்த பிறகு கீழாநெல்லியை நம்பி ஆஸ்பத்திரியை விட்டுவிடாதீர்கள். சாப்பிடுவதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

"ஸ்டெம் செல் ஏத்தி கல்லீரலையே புதுசாக்கறோம்" என்கிறார்களே, அது இதுதானா?

இது அது இல்லை. ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாக விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. அனுமதி பெற்ற ஆய்வு என்றால் நோயாளியிடம் லட்சக்கணக்கில் கட்டணம் கேட்க மாட்டார்கள். நகையை அடகு வைத்துவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள், வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். கல்லீரலே மாற்ற வேண்டிய நிலை என்றால் நம் ஓல்டு ஜெயில் ரோட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்கிறார்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் அது வருகிறது. அங்கே போய்க் கேட்டுவிட்டு அப்புறம் மற்றதை யோசியுங்கள்.

இனிமேல் எலியில் சோதிக்கவே மாட்டார்களா?

உடனே நிற்காது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில், புது மருந்தை விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள், இந்தியாவிலும் 2023 மார்ச்சில் விதியைத் திருத்தி மனித செல் சார்ந்த முறைகளை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஆர்கனாய்டை வளர்க்கும் மேட்ரிஜெல்லே எலியிலிருந்துதானே வருகிறது. அதற்கு மாற்றாகச் செயற்கை ஜெல் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன.

ஆபரேஷனில் எடுத்த கட்டியை ஆய்வுக்குக் கேட்டால் கொடுக்கலாமா?

உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், கொடுங்கள் என்பேன், காரணம் சொல்கிறேன். மேலே நான் சொன்ன ஆய்வுகளின் ஊர்களைப் பாருங்கள்: யூட்ரெக்ட், கேம்பிரிட்ஜ், பாசல், ராட்டர்டாம். அங்கே வரும் கட்டியின் காரணமும் காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ வரும் கட்டியின் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் சாப்பாடு, நம் சர்க்கரை, நம் வைரஸ் வகை எல்லாம் வேறு. நம் திசு அந்தத் தட்டுகளில் இல்லையென்றால், நாளைக்கு அதில் தேறி வரும் மருந்து நமக்கு எப்படி வேலை செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம் வேறு, ஆய்வுக்கான சம்மதப் படிவம் வேறு. ரெண்டாவது தமிழில் இருக்க வேண்டும், வாய்விட்டுப் படித்து விளக்கச் சொல்லலாம். நெறிமுறைக் குழு அனுமதித்த ஆய்வா, திசுவிலிருந்து மரபணுவைப் படிப்பார்களா, பெயர் மறைக்கப்படுமா, வெளிநாட்டுக்கோ கம்பெனிக்கோ அனுப்புவார்களா, பின்னால் வேண்டாம் என்றால் விலகலாமா என்று கேளுங்கள். ஆர்கனாய்டு ஒருமுறை வளர்ந்துவிட்டால் உறையவைத்து வருஷக்கணக்கில் வைத்திருக்க முடியும், நோயாளி இல்லாத காலத்திலும் அவருடைய செல் எங்கோ வளர்ந்துகொண்டிருக்கலாம். குடும்பத்தில் சிலருக்கு இது ஆறுதலாக இருக்கும், சிலருக்கு மனசு ஒப்பாது, ரெண்டும் நியாயம்தான். மாட்டேன் என்று சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது, அது உங்கள் உரிமை. கொடுத்ததற்காக உங்கள் அப்பாவுக்கு உடனே ஒரு பலன் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்பாவுக்கு ஹெப்படைடிஸ் பி-யால் வந்த கட்டி என்கிறார்கள். வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அம்மா, அண்ணன், தங்கை, மருமகள் யாரையும் விடாதீர்கள். தொற்றும் இல்லாமல், ஏற்கெனவே எதிர்ப்பு சக்தியும் வராமல் இருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ஒரே தட்டில் சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால் இது ஒட்டாது, அப்பாவுக்குத் தனித் தட்டு தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்காதீர்கள். ரேசர், பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும்.

யாருக்காவது தொற்று இருந்தால் பயந்து ஒளிக்க வேண்டாம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெப்படைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். டாக்டர் தேவை என்று சொன்னால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், கட்டி வந்தாலும் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் வெட்டி எடுக்கவோ சுட்டுப் பொசுக்கவோ முடியும்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயம் கேட்டுச் செய்யுங்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும், பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. தைவானில் 1984-இல் குழந்தைகளுக்கு இந்த ஊசியை ஆரம்பித்தார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிட்டது. நம் ஊரில் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவமான உடனே போட்டுவிடுகிறார்கள், தனியார் நர்சிங் ஹோம் என்றால் டிஸ்சார்ஜ் சீட்டிலும் தடுப்பூசி அட்டையிலும் முதல் நாள் தேதியோடு ஹெப்படைடிஸ் பி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.